6 மணி நேரம், 25 ஆசிரியர்கள்: ஷோவாவைப் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

கேள்வி | ஜனவரி 3, காலை 8.10

ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் 25 பேருக்கு ஷோவாவை, அதாவது ஹிட்லரின் நாஸி ஜேர்மனி ஐரோப்பிய யூதரைக் கொன்றழித்ததை (ஹொலோகோஸ்ட்), எப்படிப் படிப்பிப்பது என்று ஜனவரி 23 அன்று ஒருநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம் போக 6 மணி நேரம். போட்டிருக்கும் திட்டம்: காலையில் முகாம்கள் பற்றி ஒரு மணி நேர ஆவணப்படம். பிறகு 1933 தொடக்கம் 1945 வரை காலக்கோடு. மத்தியானம் ‘பெட்டி கட்டுதல்’: ஐந்து நிமிடத்தில் ஒரு பெட்டிக்குள் எதை வைப்பீர்கள் என்று எழுதிவிட்டு, நாடுகடத்தப்படுவது போல நடிக்க வேண்டும். கடைசி அரை மணி நேரம் யூத மதமும் பண்டிகைகளும். ஏழெட்டு ஆசிரியர்கள் தமிழர், முள்ளிவாய்க்கால் பற்றிக் கேட்பார்கள். இந்த ஒழுங்கு சரிவருமா?

பதில் | ஜனவரி 3, இரவு 9.40

ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். கடைசியில் தள்ளிவைத்த அந்த அரை மணி நேரம் முதலில் வரவேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

ஆவணப்படத்தில் தொடங்கினால் ஆசிரியர் அன்று முதன்முதலாகக் காணும் யூதர் கோடுபோட்ட உடுப்பில் எலும்பாக நிற்பவர், அல்லது பிணம். அந்தப் படங்களைக் கொலைகாரர்கள் எடுத்தார்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தபின் வந்த படைகள் எடுத்தன. இந்த ஒரு படிமத்தோடு வகுப்புக்குப் போகிற ஆசிரியர் 11 வயதுப் பிள்ளைக்கு அதையே கொடுப்பார். யூதர் என்றால் சாவதற்கென்றே வந்தவர் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். யார் அழிக்கப்பட்டார்கள் என்று தெரியாமல் எது அழிந்தது என்று விளங்காது.

பெட்டி கட்டுதலை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன், அது நீளம்.

ஜனவரி 4, காலை 6.55

பெட்டி கட்டுதல். இதில் பிழை மூன்று.

முதலாவது, நடித்த பிள்ளை தனக்கு விளங்கிவிட்டது என்று நம்பிவிடும். ஐந்து நிமிடப் பதற்றத்துக்கும் அந்த மனிதர்கள் பட்டதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டாவது, அது விளையாட்டாகிவிடும். மேசைக்கு மேசை சிரிப்பு வரும், யார் கெட்டித்தனமாகக் கட்டினார்கள் என்று போட்டி வரும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. ஒன்ராறியோ வகுப்பில் உண்மையாகவே பெட்டி கட்டி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்: சிரியா, உக்ரைன், ஆப்கானிஸ்தான். அம்மாவும் அப்பாவும் வன்னியில் பெட்டிகூடக் கட்ட முடியாமல் ஓடிவந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இது பாடம் இல்லை.

சர்வதேச ஹொலோகோஸ்ட் நினைவுக் கூட்டணி 2019இல் வெளியிட்ட கற்பித்தல் பரிந்துரைகளும் நடித்துக் காட்டும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. மேலிடம் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

அதற்குப் பதிலாக உண்மையான ஒரு பொருளை வையுங்கள். லண்டன் யூத அருங்காட்சியகச் சேகரிப்பில் ஒரு மர விளையாட்டு லொறி இருக்கிறது. லியோன் கிரீன்மன் தன் மகன் பார்னிக்குச் செய்தது. படத்தை மட்டும் காட்டிப் பெயர் சொல்லாமல் கேளுங்கள்: யார் செய்திருப்பார், யாருக்கு, எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? பத்து நிமிடம் அதிலேயே நில்லுங்கள். பிறகு குடும்பத்துக்கு வாருங்கள். லியோன் லண்டனில் பிறந்தவர், பிரித்தானியக் குடிமகன், மனைவி எல்ஸேயுடன் ரோட்டர்டாமில் வாழ்ந்தவர். பாதுகாப்புக்காக நண்பர்களிடம் கொடுத்த கடவுச்சீட்டுகளை அந்த நண்பர்கள் பயந்து எரித்துவிட்டார்கள். 1943 ஜனவரியில் மூவரும் ஜேர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் நாஸிகள் நடத்திய அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எல்ஸேயும் மூன்று வயதுகூட நிரம்பாத பார்னியும் அங்கே கொல்லப்பட்டார்கள். லியோன் உயிர்தப்பி, 2008இல் இறக்கும்வரை பிரித்தானியாவில் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதில் யாரும் எதையும் நடிக்கவில்லை. ஆனாலும் அந்த லொறியை மறக்க மாட்டார்கள்.

ஜனவரி 4, இரவு 10.15

நேர ஒழுங்கு. 9.00 மணிக்குப் பெயர் எழுதாத அட்டை, 20 நிமிடம். 9.20க்கு அழிவுக்கு முன்னான யூத வாழ்வு, 90 நிமிடம். 15 நிமிட இடைவேளை. 11.05க்குச் சட்டங்களும் படிப்படியான விலக்கலும், 60. சாப்பாடு 45. 12.50க்கு மூலச் சான்றுகளை வாசித்தல், 75. இடைவேளை 10. 2.15க்குக் கடினமான கேள்விகளை ஒத்திகை பார்த்தல், 50. கடைசி 15 நிமிடம் ஒவ்வொருவரும் தன் வகுப்புக்கு ஒரே ஒரு பாடத்தைத் தீர்மானிப்பது. உதிரியாக 25 நிமிடம் மிஞ்சும். அதை யாருக்கும் சொல்லாதீர்கள், தானாகவே கரையும்.

அட்டையில் மூன்று கேள்வி போதும். 1933இல் ஜேர்மனியின் சனத்தொகையில் யூதர் எத்தனை வீதம்? கொல்லப்பட்ட யூதர்களில் அதிகம் பேர் எந்த நாட்டவர்? யூத வெறுப்பு என்றால் என்ன, ஒரு வரியில்.

முதல் கேள்விக்கு 10, 20, சிலவேளை 30 என்று எழுதுவார்கள். சரியான விடை 1 வீதத்துக்கும் குறைவு, ஏறத்தாழ 5 லட்சம் பேர். அந்தப் பெரிய எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ‘யூதர் எங்கும் நிறைந்திருந்தார்கள்’ என்ற பிரசாரம் 90 வருடம் கழித்தும் நம் தலைக்குள் உட்கார்ந்திருப்பதை ஆசிரியர் தானே காண்பார். இரண்டாவதுக்குப் பலர் ஜேர்மனி என்று எழுதுவார்கள். போலந்து: ஏறத்தாழ 30 லட்சம் பேர். மூன்றாவதுக்கு வெற்றிடம் அதிகம் வரும். இங்கிலாந்தில் லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜ்ஜின் ஹொலோகோஸ்ட் கல்வி மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 68 வீதமான மாணவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளே தெரிந்திருக்கவில்லை. வளர்ந்தவர்கள் பிழைவிடும்போது வெட்கப்படுத்தாதீர்கள். அட்டையில் பெயர் வேண்டாம் என்றது அதற்குத்தான்.

கேள்வி கேட்டவர் | ஜனவரி 5, காலை 7.30

அக்கா, 90 நிமிடம் யூத மதத்தைச் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. ஒரு ரபியை (யூத மதகுருவை) கூப்பிடவா?

ஜனவரி 5, மதியம் 12.20

கூப்பிடலாம், இந்த 90 நிமிடத்துக்கு வேண்டாம். ரபி வந்தால் பேச்சு மதத்தைச் சுற்றியே நிற்கும். யூத அடையாளத்துக்குள் மதம் ஒரு பகுதிதான். மொழி, இனம், குடும்ப வழி, அரசியல், சாப்பாடு, பாட்டு எல்லாம் சேர்ந்தது அது. கடவுளை நம்பாத யூதரும் யூதர்.

5 மேசை, மேசைக்கு 5 பேர். ஒவ்வொரு மேசைக்கும் விளக்கம் அச்சிடாத 6 படங்கள், A4 அளவில் கெட்டித்தாளில். (தொலைபேசித் திரையில் காட்டினால் ஒருவர்தான் பார்ப்பார், மற்ற நால்வரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.) படங்கள் இப்படிக் கலந்திருக்கட்டும்: போலந்தில் ஒரு யூத உதைபந்தாட்ட அணி, கிரேக்கத்தின் சலோனிக்காத் துறைமுகத்தில் யூதச் சுமை தொழிலாளர், முதல் உலகப் போரில் ஜேர்மன் இராணுவச் சீருடையில் ஒரு யூதப் படைவீரர், வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) இத்திஷ் என்ற யூத மொழிப் பாடசாலைப் பிள்ளைகள், கடற்கரையில் ஒரு குடும்பம், யூத சமய நூலான தல்மூத்தைப் படிக்கும் பையன்கள். ஆறில் ஒன்று, கூடினால் இரண்டுதான் ‘சமயத் தோற்றம்’ உள்ளதாக இருக்கலாம். தாடியும் கறுப்புத் தொப்பியும் மட்டும் தேடுகிற கண்ணை இது பழக்கும்.

15 நிமிடம் அவர்களே பார்க்கட்டும்: எந்த நாடு, எந்த ஆண்டு, இவர் யூதர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பிறகு விளக்கத் தாளைக் கொடுங்கள். சலோனிக்கா யூதரின் வீட்டுமொழி லடினோ, ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டவர்கள் கொண்டுவந்தது. அவர்களுக்காகத் துறைமுகமே சனிக்கிழமை மூடிக் கிடந்தது. 1943இல் அந்த நகரத்திலிருந்து 40,000க்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார்கள். முதல் உலகப் போரில் ஜேர்மனிக்காக ஏறத்தாழ 1 லட்சம் யூதர் சேவைசெய்து, 12,000 பேர் உயிர்கொடுத்தார்கள்.

அரசியலையும் விட்டுவிடாதீர்கள். 1897 ஓகஸ்டில் பாசல் நகரில் முதல் சியோனிச மாநாடு. அதே வருடம் ஒக்ரோபரில் வில்னாவில் யூதத் தொழிலாளரின் புந்த் இயக்கம் பிறந்தது. முன்னது சொந்த நாடு வேண்டும் என்றது, பின்னது வாழும் இடத்திலேயே உரிமை வேண்டும் என்றது. தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த வாதத்தை விளக்கவே தேவையில்லை.

படங்களுக்கு: ஜெருசலேமின் ஷோவா நினைவு நிலையமான யாட் வஷேம், வாஷிங்டனில் உள்ள ஹொலோகோஸ்ட் நினைவு அருங்காட்சியகம், 1925இல் வில்னாவில் தொடங்கி இப்போது நியூயோர்க்கில் இருக்கும் யூத ஆய்வு நிறுவனம் யீவோ. நான் அதிகம் விரும்புவது சென்ட்ரோபா என்ற ஆவணத் திட்டம். மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் முதிய யூதர்களிடம் அவர்கள் குடும்பப் படங்களை வைத்தே முழு வாழ்க்கையையும் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். பாட்டியின் கடை, முதல் காதல், பள்ளிக்கூட அடி, எல்லாம் இருக்கும்.

ஜனவரி 5, இரவு 11.05

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். ‘எதை வைத்து யூதர் என்று சொல்கிறீர்கள்’ என்ற கேள்வியை அப்படியே விடுவது ஆபத்து. முகத்தையும் மூக்கையும் சுட்டிக்காட்ட ஒருவர் கிளம்பிவிடலாம். நாஸிப் பாடப்புத்தகம் பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சியும் அதுவே. கேள்வியை மாற்றுங்கள்: ‘இந்த மனிதர் தன்னைப் பற்றி எதைச் சொல்ல விரும்பி இந்தப் படத்துக்கு நின்றிருப்பார்?’

இதிலிருந்து 11.05 அமர்வுக்கு நேராகப் போகலாம். யார் யூதர் என்பதை அதுவரை மரபும் சமூகமும் தாங்களே தீர்மானித்தன: மரபுச் சட்டப்படி தாய்வழி, அல்லது முறைப்படி மதம் மாறி வருதல். 1935 செப்ரெம்பர் 15இல் யூதரை விலக்கிவைக்க நாஸி அரசு கொண்டுவந்த நியூரம்பேர்க் சட்டங்கள். அதே நவம்பர் 14இல் வந்த ஆணை, தாத்தா பாட்டிகளில் மூவரோ நால்வரோ யூதரானால் நீ யூதர் என்றது. நீ என்ன நம்புகிறாய் என்று கேட்கவில்லை. கத்தோலிக்கத் துறவியான எடித் ஸ்டைன் 1942இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டது யூதராகப் பிறந்ததால். அடையாளத்தைத் தானே சொல்லிக்கொள்வதற்கும் அரசு முத்திரை குத்துவதற்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியருக்கு இங்கே பிடிபட வேண்டும்.

ஜனவரி 7, காலை 7.15

சொற்கள் பற்றிக் கேட்டுத் தனிமடல்கள் வந்தன. பொதுவில் எழுதுகிறேன்.

‘ஹொலோகோஸ்ட்’ கிரேக்கத்தில் முழுக்க எரித்த பலி. கொலையைப் படையலாக்குகிற சொல் என்று பல யூதர் அதை விரும்புவதில்லை, ஷோவா என்பார்கள்: பேரழிவு. இரண்டையும் சொல்லி, ஏன் இரண்டு இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். தமிழில் ‘யூத எதிர்ப்பு’ என்று எழுதாதீர்கள், அது ஏதோ கொள்கைத் தகராறு போல ஒலிக்கும். யூத வெறுப்பு என்பதே சரி. ‘இறந்தார்கள்’ வேண்டாம், கொல்லப்பட்டார்கள். ‘போலந்து முகாம்கள்’ வேண்டாம், ஜேர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் நாஸி ஜேர்மனி நடத்திய முகாம்கள். ‘இறுதித் தீர்வு’ கொலைகாரரின் சொல், மேற்கோள்குறி இல்லாமல் கரும்பலகையில் எழுதக்கூடாது.

‘அறுபது லட்சம் பேர் விஷவாயு அறைகளில்’ என்ற வசனத்தையும் நிறுத்துங்கள். ஏறத்தாழ 27 லட்சம் பேர் கொலை மையங்களில். ஏறத்தாழ 20 லட்சம் பேர் தங்கள் ஊர்களின் ஓரத்திலேயே சுடப்பட்டார்கள். கியேவ் நகரின் பாபின் யாரில் 1941 செப்ரெம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 பேர். மற்றவர்கள் கெட்டோக்களின் (யூதரை அடைத்துவைத்த நகரப் பகுதிகளின்) பசியிலும் நோயிலும் அடிமை வேலையிலும். சுடப்பட்டவர்களை விட்டால் அயலவர்கள் பார்த்தார்கள் என்ற உண்மையும் சேர்ந்தே விடுபட்டுப்போகும்.

ஜனவரி 9, இரவு 8.50

மூலச் சான்று அமர்வு. 75 நிமிடத்தில் இரண்டே இரண்டு சான்றுகள். மூன்றாவதைச் சேர்க்காதீர்கள், எல்லாமே மேலோட்டமாகிவிடும்.

ஒன்று, அவுஷ்விட்ஸ் அல்பம். 1944 மே, யூனில் ஹங்கேரியிலிருந்து வந்திறங்கிய யூதர்களை நாஸிகளின் எஸ்எஸ் படையினர் எடுத்த ஏறத்தாழ 200 படங்கள். போர் முடிந்தபோது லில்லி யாக்கோப் என்ற பெண் அதைக் கண்டெடுத்தார். திறந்து பார்த்தால் தன் சொந்தச் சனமே உள்ளே. 1980இல் யாட் வஷேமுக்குக் கொடுத்தார். ஒரு படத்தை மூன்று தரம் வாசிக்கச் செய்யுங்கள். முதல் தரம் என்ன தெரிகிறது என்று மட்டும். இரண்டாம் தரம் கமரா யார் கையில், அவர் எங்கே நிற்கிறார். மூன்றாம் தரம் படத்துக்குள் வராதது எது. இரண்டாவதில் அறை அமைதியாகும். உடனே கதைத்து நிரப்பாமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

மற்றது, வோர்சோ கெட்டோவின் ஒனெக் ஷபாத் ஆவணக் களஞ்சியம். இதை யூதரே சேர்த்தார்கள், அதனால்தான் இரண்டாவதாக வைக்கிறேன். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்புளூமும் கூட்டாளிகளும் நாட்குறிப்பு, பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய்த் தாள், ட்ராம் சீட்டு எல்லாம் சேர்த்துப் புதைத்தார்கள். 10 உலோகப் பெட்டிகள் 1946இலும் 2 பால் கேன்கள் 1950இலும் எடுக்கப்பட்டன. இன்னொரு தொகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ‘ஏன் எதிர்க்கவில்லை’ என்று கேட்கிற ஆசிரியருக்கு 1943 ஏப்ரல் 19 வோர்சோ கெட்டோ எழுச்சியையும் ஒக்ரோபர் 14 சோபிபோர் கொலை முகாமின் கிளர்ச்சியையும் சொல்லுங்கள். அதோடு இந்தப் பால் கேனையும் சொல்லுங்கள். கொலைகாரன் எழுதும் வரலாறே மிஞ்சக்கூடாது என்று பட்டினியில் கிடந்தபடி எழுதினார்களே, அதைவிட எதிர்ப்பு வேறென்ன?

பிண மலைப் படங்கள், புல்டோசர் படங்கள் ஆசிரியருக்கும் வேண்டாம், பிள்ளைக்கு நிச்சயமாக வேண்டாம். அந்தப் படத்தில் கிடப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஜனவரி 10, காலை 6.40

சாட்சியக் காணொளி போடலாமா? போடலாம், 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா நிறுவகத்திடம் 50,000க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் இருக்கின்றன. போடுமுன் வரைபடத்தில் ஊரைக் காட்டுங்கள், அப்போது அவருக்கு எத்தனை வயது என்று சொல்லுங்கள். விட்ட இடத்தில் அவரைத் துயரத்துக்குள் விட்டுவிட்டு மணி அடிக்கக்கூடாது. பிற்பாடு எங்கே வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்பதையும் சொல்லி முடியுங்கள். பாதுகாப்பாக உள்ளே கூட்டிப்போய்ப் பாதுகாப்பாக வெளியே கூட்டிவருதல் என்று யாட் வஷேமில் சொல்வது இதைத்தான். கனடாவுக்கு வந்து வாழ்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளை அஸ்ரியேலி அறக்கட்டளை ஆசிரியர்களுக்கு இலவசமாகவே தருகிறது.

ஜனவரி 11, மாலை 5.30

ஒன்ராறியோவில் 2023 செப்ரெம்பர் முதல் ஆறாம் வகுப்புச் சமூகக் கல்வியில் ஷோவா பாடம் கட்டாயம், கனடா என்ன செய்தது என்பதும் அதற்குள் வருகிறது. ஆகவே 11.05 அமர்வில் 20 நிமிடம் இங்கேயே நில்லுங்கள். 1933 ஓகஸ்ட் 16, ரொறன்ரோ கிறிஸ்டி பிற்ஸ்: யூத இளைஞர் நிறைந்த அணி விளையாடிய பேஸ்போல் ஆட்டத்தில் ஸ்வஸ்திகா துணி விரிக்கப்பட்டு, சண்டை மணித்தியாலக் கணக்கில் நடந்தது. 1939இல் ஜேர்மனியிலிருந்து புறப்பட்ட சென் லூயிஸ் கப்பலில் 937 பேர், அநேகமாக எல்லோரும் யூத அகதிகள். கியூபா 28 பேரை மட்டும் இறங்கவிட்டது, அமெரிக்காவும் கனடாவும் கதவு திறக்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். கனடாப் பிரதமர் 2018 நவம்பர் 7இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பதினொரு வயதுக்கு இது பொருத்தமான பொருள்: இரத்தம் இல்லை, தீர்மானம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், தான் நிற்கும் நிலமும் இருக்கிறது.

ஜனவரி 12, இரவு 9.20

முள்ளிவாய்க்கால். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 2.15 அமர்வுக்கு 50 நிமிடம் போதாது என்று இப்போது படுகிறது. உதிரி 25ஐயும் அதற்கே கொடுங்கள்.

ஒரு தமிழ்ப் பிள்ளை கை தூக்கி ‘எங்கட ஆக்களுக்கும் நடந்தது’ என்று சொன்னால், அந்தக் கையை இறக்க வைக்காதீர்கள். ‘அது வேறு’ என்று ஆசிரியர் சொன்ன கணத்தில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வரலாறும் மூடிக்கொள்ளும். அதே நேரம் மிச்ச 40 நிமிடத்தையும் அதற்கு மாற்றிவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி மரியாதை வேண்டும். ஒன்றை அளக்க மற்றதைக் கோலாக்கக்கூடாது.

ஒப்பிடலாம். எதை ஒப்பிடுவது என்பதில் கவனம் வேண்டும். அரசு எப்படிப் பெயர் வைத்தது, சட்டம் எப்படி மாறியது, அயலவர் என்ன செய்தார், உலகம் எப்போது அறிந்தது, பின்னர் யார் மறுத்தார்கள்: இவை ஒப்பிடக்கூடியவை. யாருடைய துன்பம் பெரிது என்பது ஒப்பிடக்கூடியது அல்ல. ஜெனோசைட் என்ற சொல்லை ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூதச் சட்டத்தரணி 1944இல் உருவாக்கினார், 1948 டிசம்பர் 9இல் ஐநா சாசனமாயிற்று. நாம் ‘இனப்படுகொலை’ என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் அவர் கொடுத்த சொல்லைத்தான் சொல்கிறோம். தமிழ் ஆசிரியர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் 2021இல் நிறைவேறிய சட்டப்படி மே 18இல் முடியும் ஏழு நாளும் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம். ‘இந்தக் கேள்வியை நான் குறித்துவைக்கிறேன், மே மாதம் இதற்கென்றே பாடம் இருக்கிறது’ என்று ஆசிரியர் சொன்னால், மே மாதம் கட்டாயம் செய்ய வேண்டும். நாள்காட்டியில் அன்றைக்கே எழுதிவிடச் சொல்லுங்கள்.

ஒத்திகை மூன்று மூன்று பேராக: ஒருவர் கேட்பவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் குறித்துக்கொள்பவர். நான்கு நிமிடத்துக்கு ஒருதரம் மாறட்டும். 25 பேர் என்பதால் ஒரு குழுவில் நால்வர் இருப்பார்கள், அங்கே குறிப்பவர் இருவர். (நடிப்பு வேண்டாம் என்றேனே என்று கேட்பீர்கள். இங்கே ஆசிரியர் ஆசிரியராகவே இருக்கிறார், பாதிக்கப்பட்டவர் வேடத்தில் யாரும் இல்லை.)

ஜனவரி 13, காலை 7.05

காசாவும் வரும். வகுப்பில் இருக்கும் யூதப் பிள்ளையிடமோ, பயிற்சியில் இருக்கும் யூத ஆசிரியரிடமோ ஒரு அரசின் செயலுக்குப் பதில் கேட்கக்கூடாது. அதேபோலக் காசாவில் இறந்தவர்களுக்காகத் துக்கப்படும் பிள்ளையைக் குற்றவாளியாக்கவும் கூடாது. அந்தப் பேச்சுக்குத் தனி நேரமும் தனி ஆயத்தமும் வேண்டும். ஷோவா பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் அதைத் திணித்தால் இரண்டுமே கெடும்.

கேள்வி கேட்டவர் | ஜனவரி 13, இரவு 8.00

தமிழ் ஆசிரியர்களுக்கு யூதர் தூரத்துச் சனமாகத் தெரிகிறார்கள். நம் பக்கத் தொடர்பு ஏதும் உண்டா?

ஜனவரி 13, இரவு 10.30

உண்டு, படங்களின் மேசையில் ஏழாவதாக வைக்கலாம். கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. வட்டெழுத்தில் எழுதிய கொடை, சாட்சிக் கையொப்பங்களில் சில எபிரேய எழுத்தில். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ண (வணிகர் குழு) உரிமை கொடுத்த செப்பேடும் வட்டெழுத்துத்தான். ஐரோப்பாவில் நடந்ததோடு இதை முடிச்சுப் போடாதீர்கள், தொடர்பில்லை. யூதர் ஒரே முகம், ஒரே மொழி, ஒரே கண்டம் இல்லை என்று காட்ட மட்டும் போதும்.

ஜனவரி 15, காலை 6.30

அச்சிட வேண்டியவை: அட்டை 30 (25 போதாது, சிலர் இரண்டாம் தரம் கேட்பார்கள்). படத் தொகுதி 5. விளக்கத் தாள் 25, படத்தோடு சேர்த்து வைக்கவே வேண்டாம், யாராவது புரட்டிப் பார்ப்பார்கள். லொறிப் படம் ஒன்று பெரிதாக. சென் லூயிஸ் பாதை வரைபடம் 5. 9.00 மணி அட்டைகளைச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணிவிடுங்கள், அந்த எண்களை 2.15க்குத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும்.

பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து, மார்ச் தொடக்கத்தில், அதே மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நாலாவதாக ஒன்று சேர்த்து: ‘உங்கள் வகுப்பில் 1933க்கு முன் வாழ்ந்த ஒரு யூதரின் பெயரைப் பிள்ளைகள் சொல்லுவார்களா?’